808-ஆ, ரிதம் பேடா, கையில் இருக்கிற போனா?

ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் பம்பைச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மனசுக்குள் தாளம் ஆறு எட்டில்தான் ஓடும், அதாவது சுற்றுக்கு ஆறு சின்ன அடி. தாளத்தைத் தானே வாசிக்கும் டிரம் மெஷின்களோ பெரும்பாலும் ஒரு சுற்றைப் பதினாறு சம கட்டமாகப் பிரித்து அடி வைப்பதற்காகப் பிறந்தவை. தாளம் போட எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

முதலில் டிஆர்-808. ஜப்பானிய நிறுவனமான ரோலண்ட் 1980-ல் வெளியிட்டு 1983-லேயே நிறுத்திவிட்ட மெஷின், மொத்தம் சுமார் 12,000தான் செய்தார்கள். பதிவு செய்த ஒலி ஒன்றுகூட உள்ளே கிடையாது, எல்லாம் சர்க்யூட்டிலிருந்து வருவது. சிம்பலையும் ஹைஹேட்டையும் ஆறு ஸ்கொயர் வேவ் ஆசிலேட்டர்களை (ஒலி அலை எழுப்பும் சர்க்யூட்டுகள்) கலந்து செய்திருக்கிறார்கள், பேஸ் டிரம்மில் டிகே குமிழைத் திருப்பினால் அடி நீண்டு நெஞ்சுக்கூட்டில் இறங்கும். அந்த அடிக்கு இன்றுவரை ஈடு கிடையாது. பழைய மெஷின் இன்று சில லட்சம் ஆகும், அது நமக்கு வேண்டாம். 2017-ல் வந்த டிஆர்-08 கைக்கு அடக்கமானது, உள்ளே டிஜிட்டல் என்றாலும் குணம் அதேதான்.

ஆறு எட்டு இதில் வராதா என்றால், வரும். கட்டங்களை 12-ஆகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பம்பையில் ஓர் ஓங்கிய அடிக்கும் அடுத்த ஓங்கிய அடிக்கும் நடுவில் தடவினமாதிரி விழும் சின்ன அடிகள் இருக்கிறதே, உயிரே அதில்தான். 808-ல் அடியை ஓங்க வைக்க இருப்பது ஆக்சென்ட் ஒன்றுதான், அதையும் ஒரு கட்டத்தில் வைத்தால் அந்தக் கட்டத்தில் விழும் எல்லா ஒலியும் சேர்ந்தே உயரும். ஒன்றைத் தூக்கி இன்னொன்றை அடக்க வழியில்லை.

அதற்குத்தான் குச்சியால் தட்டி வாசிக்கிற ரிதம் பேடு. நம் ஊர் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிற ஆக்டாபேட், எஸ்பிடி-20 மாதிரி. எட்டு பேடு, குச்சி எவ்வளவு வேகமாக விழுகிறதோ அவ்வளவு சத்தம். வாசிக்கத் தெரிந்த கை இருந்தால் கட்டம் என்ற பேச்சே இல்லை. குறை என்னவென்றால் எஸ்பிடி-20-ல் உங்கள் ஒலியைப் பதிவு செய்து ஏற்ற முடியாது, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும். எஸ்பிடி-எஸ்எக்ஸ் அதைச் செய்யும், ஆனால் விலை எங்கேயோ போய்விடும்.

சரி, போன். ஆப்களில் எனக்குப் பிடித்தது கோலா சாம்ப்ளர். பேடை அழுத்திப் பிடித்தால் மைக்கில் விழுவது அப்படியே அந்தப் பேடில் உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான் வேலை. அம்மாபேட்டையில் மாமா வீட்டு விசைத்தறியை இப்படித்தான் பிடித்தேன், அப்புறம் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் தகரக் கூரையில் மழை விழுந்ததையும். தறியில் நாடா ஒவ்வொரு பக்கமும் போய் மோதுகிற இடைவெளி துல்லியமாக ஒன்றுபோல இல்லை, அந்தச் சின்ன நொண்டல்தான் பாட்டுக்கு நடை கொடுத்தது. எந்த மெஷினும் எனக்கு இதைத் தந்ததில்லை. எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் முழுப் பாட்டையும் அடுக்கி முடிக்க நல்லது. காரேஜ்பேண்ட் இலவசம், ஆனால் ஆப்பிள்காரர்களுக்கு மட்டும்.

போனில் வாசிக்கும்போது ப்ளூடூத் இயர்போனைத் தொடவே தொடாதீர்கள். அதில் ஒலி 200 மில்லிசெகண்ட் வரைகூடத் தாமதமாகலாம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் பதினாறில் ஒரு கட்டமே 125 மில்லிசெகண்ட்தான் என்பதால், நீங்கள் தட்டுவது ஒன்றரைக் கட்டம் தள்ளிக் காதில் விழும், கை குழம்பிவிடும். வயர் இயர்போன் போதும்.

என்னிடம் கேட்டால் முதலில் கோலா, ஆறு மாதம் கழித்து செகண்ட் ஹேண்டில் ஓர் ஆக்டாபேட், 808 குணம் வேண்டுமென்றால் அதன் சாம்பிளை, அதாவது பதிவு செய்த ஒலியை, போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், அந்த பேஸ் அடிக்கு அதுவே முக்கால்வாசி வந்துவிடும். டிஆர்-08 காசு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

மேடைக்குப் போனை எடுத்துப் போகிறவர்கள் ஏரோப்ளேன் மோடு போட்டுவிட்டு ஏறுங்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் பாட்டு நடுவில் எனக்கு அழைப்பு வந்து தாளம் அறுந்தது. பாடிக்கொண்டிருந்த அக்கா நிறுத்தாமல் கைதட்டியே எட்டு பார் (தாளச் சுற்று) இழுத்துக்கொண்டு வந்தார்.