இடது மார்பு ரேடியேஷன்: மூச்சை அடக்குவதா, குப்புறப் படுப்பதா, புரோட்டானா?

இடது மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுக்கப் போகிறவர்கள் இதயத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். மார்புச் சுவரை ஒட்டிப் பின்னால்தான் இதயம் இருக்கிறது, அதன் முன்பக்கமாக இறங்கும் முக்கியமான கரோனரி ரத்தக்குழாய் பல நேரம் கதிர் போகும் பாதையிலேயே வந்துவிடுகிறது. கதிர் பட்ட குழாயின் உட்சுவர் பழுதாகி, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அடைபடும். சுவீடன், டென்மார்க்கில் ரேடியேஷன் எடுத்த 2,168 பெண்களை வைத்துச் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், இதயத்துக்குச் சராசரியாகப் போன ஒவ்வொரு 1 கிரேவுக்கும் (கிரே என்பது உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு) மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பின் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடியிருந்தது. இதற்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல ஓர் எல்லையும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மேல்தான் இந்த 7.4 ஏறுகிறது, அதனால் புகைப்பவர்களுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் சுமை அதிகம்.

சரி, என்னென்ன வழி இருக்கிறது? என் ஓட்டு முதலில் மூச்சை அடக்கும் முறைக்குத்தான். ஆழமாக இழுத்து ஏறக்குறைய 20 விநாடி நிறுத்தினால் நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரை விட்டு விலகி உள்ளே, கீழே போய்விடும், அந்த நேரத்தில் மட்டும் கதிர் பாயும். மருந்து இல்லை, வலி இல்லை, பலருக்கு இதயத்துக்குப் போகும் அளவு பாதியாகக்கூடக் குறைகிறது. மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும் சொன்னபடி நிறுத்த முடியாதவர்களுக்கும் இது சரிவராது, மற்றபடி ஒருமுறையாவது முயன்று பார்க்காமல் விடுவது நியாயமே இல்லை.

குப்புறப் படுக்கும் முறை மார்பகம் பெரிதாக இருப்பவர்களுக்கு நல்லது, மார்பகம் கீழே தொங்கி உடலை விட்டு விலகிவிடும். ஆனால் இதயமும் கொஞ்சம் முன்னால் சரியும், சிறிய மார்பகத்துக்கு இது எதிராகவே முடியலாம். அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்கும் கதிர் தர வேண்டுமென்றால் இதில் சிரமம்.

ஐஎம்ஆர்டி, அதாவது கதிரின் வலிமையை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் முறை, அதிக அளவு கதிரை இதயத்திலிருந்து நன்றாக ஒதுக்கித் தரும். ஆனால் பல கோணங்களிலிருந்து அடிப்பதால் நுரையீரலுக்கும் அடுத்த மார்பகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கதிர் சிதறும். இளம் வயதினருக்கு இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

புரோட்டான் முறையில் வழக்கமான எக்ஸ்ரே கதிருக்குப் பதிலாகப் புரோட்டான் துகள்களைப் பாய்ச்சுவார்கள், அவை குறித்த ஆழத்தில் நின்றுவிடும், அதைத் தாண்டிப் பின்னால் கதிர் போவது மிகக் குறைவு. கேட்கும்போது இதுதான் முடிவான பதில் என்று தோன்றும், ஆனால் மார்பகத்துக்கு மட்டும் ரேடியேஷன் என்றால் மூச்சை அடக்கியே பெரும்பகுதி லாபம் கிடைத்துவிடுகிறது, மிச்சத்துக்காக அவ்வளவு செலவும் தொலைதூர அலைச்சலும் தேவையா என்று கேட்க வேண்டியிருக்கிறது. மார்பெலும்பை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளையும் சேர்க்க வேண்டியவர்கள், நெஞ்சின் நடுவில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து டாக்சோருபிசின் என்ற கீமோ மருந்தும் எடுத்த இளைஞர்கள், இவர்கள் விஷயம் வேறு, அந்த மருந்தே இதயத் தசையைப் பலவீனமாக்கும் என்பதால் அங்கே ஒவ்வொரு கிரேவும் கணக்குதான்.

எந்த முறையானாலும் இரண்டு திட்டம் போட்டு, இதயத்தின் சராசரி அளவையும் அந்த முன்பக்க ரத்தக்குழாய்க்குப் போகும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்கள் திட்டமிடும் கணினியிலேயே இருக்கும்.