முதல் குட்டிகளை நம்பலாமா: நோ நே நெவரா, கலிலியோவா?

குதிரைப் பந்தய உலகில், புதுப் பொலிகுதிரையின் (இனவிருத்திக்கு வைத்திருக்கும் ஆண் குதிரை) முதல் குட்டிகள் இரண்டு வயதில் களமிறங்கும் ஆண்டிலேயே அதை எடைபோட்டுவிடுகிறார்கள். அயர்லாந்தின் கூல்மோர் பண்ணைக் குதிரைகள் இரண்டைப் பாருங்கள்.

தன் இரண்டு வயதில்
நோ நே நெவர்: 2013இல் இங்கிலாந்தின் அஸ்காட்டில் நார்ஃபோக், பிரான்சில் மோர்னி, இரண்டு பந்தயங்களிலும் வெற்றி.
கலிலியோ: ஒரே ஓட்டம். மூன்று வயதுக் குதிரைகளுக்கான நெடுந்தூரப் பந்தயமான டெர்பியில் வெற்றி மறு ஆண்டு, 2001இல்.

முதல் குட்டிகள்
நோ நே நெவர்: 2018இலேயே அதன் குட்டி டென் சாவரின்ஸ், இரண்டு வயதுக் குதிரைகளுக்கான 1,200 மீட்டர் பந்தயமான மிடில் பார்க்கை வென்றது.
கலிலியோ: 2005இல் குட்டிகள் பெரிதாக மின்னவில்லை. ஆனால் 2006இல், மூன்று வயதுக் குதிரைகளுக்கான நெடுந்தூரப் பந்தயமான செயின்ட் லெஜரில் முதல் மூன்று இடமும் அதன் குட்டிகளுக்கே! முதலில் வந்தது சிக்ஸ்டீஸ் ஐகான். பிறகு கலிலியோ பிரிட்டன்-அயர்லாந்தில் 12 முறை முதன்மைப் பொலிகுதிரை (அந்த ஆண்டில் குட்டிகள் அதிகப் பரிசுப் பணம் வென்ற பொலிகுதிரை) ஆனது. 2005ஐ மட்டும் பார்த்துக் கைவிட்டிருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு!

போட்ட பணம் சீக்கிரம் திரும்ப வேண்டும், 1,200 மீட்டர் போதும் என்பவர்களுக்கு நோ நே நெவர் வகை. டெர்பிக் கனவோடு காத்திருக்க முடிந்தவர்களுக்குக் கலிலியோ வகை.