பிறந்தநாள் இசைக் காலண்டர்: முன்பக்கம் பிரமாதம், பின்பக்கம் வேண்டாம்

மேசை மேல் நிறுத்தி வைக்கிற காலண்டர் இது. வருஷம் போடாதது, அதனால் எந்த வருஷத்துக்கும் ஆகும். மொத்தம் 366 தாள். ஒவ்வொன்றிலும் அந்தத் தேதியில் பிறந்த பாடகர்கள், வாத்தியக்காரர்கள், இசையமைப்பாளர்கள் பெயர், பிறந்த வருஷம், என்ன வகை இசை என்று ஓரிரு சொல், கீழே ஒரு க்யூஆர் கோட். போனில் ஸ்கேன் செய்தால் அந்தத் தாளில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு பாட்டு வீதம் பிறந்த வருஷ வரிசையில் ஓடுவார்கள். அவ்வளவுதான் சரக்கு.

ஒரே தேதியில் பிறந்ததைத் தவிர இவர்களுக்குள் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றுமே கிடையாது. அதுதான் இதன் பலம் என்பது என் கட்சி. பாட்டு ஆப்களுக்கு நம் காது அத்துப்படியாகிவிட்டது, ஒரு ராத்திரி ரெண்டு சோகப் பாட்டு கேட்டுத் தொலைத்தால் போதும், அப்புறம் வாரக்கணக்கில் நம்மை அழவைத்துக்கொண்டே இருக்கும். இந்தக் காலண்டருக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. இன்றைக்கு இந்தத் தேதி, இவர்கள்தான், கேட்டால் கேள். ப்ளூஸ் பக்கமே போகாதவருக்கு ப்ளூஸ் வரும், சிம்பொனி என்றாலே எழுந்து ஓடுகிறவருக்கு சிம்பொனி வரும்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது செப்டம்பர் 16 தாள். 1887இல் நாடியா பூலான்ஷே, 1916இல் எம்.எஸ். சுப்புலட்சுமி, 1925இல் பி.பி. கிங், அதே 1925இல் அதே நாளில் சார்லி பேர்ட். பூலான்ஷே பாரிஸ்காரர், ஆசிரியையாகத்தான் பெயர் பெற்றவர். ஏரன் கோப்லாண்ட், டாங்கோவின் ஆஸ்டர் பியாசொல்லா, குயின்சி ஜோன்ஸ், ஃபிலிப் கிளாஸ் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத ஆட்கள் எல்லாம் அவரிடம் பாடம் படித்தவர்கள். அவர் எழுதிய சொற்ப இசையிலிருந்து செல்லோவும் பியானோவும் சேர்ந்த ஒரு சின்னத் துண்டு முதலில் வருகிறது, அடுத்தது எம்.எஸ். அவர் ஒரு பிடியைப் பாடி நிறுத்துகிறார், அந்த இடைவெளியில் வயலின் அதை வாங்கித் திருப்பிச் சொல்கிறது. அது முடிந்த கையோடு பி.பி. கிங். அவர் ஒரு வரி பாடுகிறார், பாடும்போது கிட்டார் சும்மா இருக்கிறது, வரி முடிந்ததும் லூசில் பதில் சொல்கிறாள் (அவர் தன் கிட்டாருக்கு வைத்த பெயர்), கடைசி ஸ்வரத்தில் இடது கை விரல் கம்பியை அழுத்தியபடியே அதிர்ந்துகொண்டிருப்பது காதிலேயே தெரிகிறது. ரெண்டு பேரையும் தனித்தனியாக எத்தனையோ தடவை கேட்டவர்களுக்குக்கூட, குரல் சொல்ல வாத்தியம் வாங்குகிற இந்தச் சங்கதி பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் உறைக்கும். யாரும் விளக்கிச் சொல்லவில்லை, தேதி செய்த வேலை. அப்புறம் சார்லி பேர்ட் வந்து நைலான் கம்பிகளில் பிக் இல்லாமல் விரல்களாலேயே பிரேசிலின் போசா நோவா வாசித்துவிட்டுப் போகிறார். ஒரே நாளில் பிறந்த ரெண்டு கிட்டார்காரர்கள், ஒருவர் கம்பியை வளைத்து அழவைக்கிறார், இன்னொருவர் குரலையே உயர்த்துவதில்லை.

ஜனவரி 6ஐ நம்மாட்கள் ஏ.ஆர். ரஹ்மானுக்காகத் திருப்புவார்கள். திருப்பட்டும், ஆனால் அவர் கடைசியில்தான் வருவார், ஏனென்றால் 1967. அதற்கு முன்னால் மாக்ஸ் ப்ரூக் (1838), ஸ்க்ரியாபின் (1872), ஏர்ல் ஸ்க்ரக்ஸ் (1924), பிங்க் ஃப்ளாய்ட் தொடங்கிய காலத்து சிட் பாரெட் (1946), ஏசி/டிசியின் மால்கம் யங் (1953) எல்லோரையும் தாண்ட வேண்டும். எனக்கு இதில் லாபம் ஸ்க்ரக்ஸ்தான். பாஞ்ஜோ என்றால் ஏதோ டொக் டொக் என்று தட்டுகிற வாத்தியம் என்ற எண்ணம் இருந்தால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் வைத்து அவர் உருட்டுகிற வேகத்தில் அது போய்விடும். ப்ளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசையில் ஒரு வகை) பாஞ்ஜோ என்றால் இன்றைக்கும் பெரும்பாலும் அந்த மூன்று விரல் முறைதான்.

முதல் குறை இதே தாளில்தான் தெரியும். பாட்டுக்குப் பாட்டு சத்த அளவைச் சமன் செய்யவே இல்லை. ஸ்க்ரியாபினின் பியானோ கிசுகிசுக்கிறது, காதில் விழவில்லையே என்று கூட்டி வைப்போம், ரெண்டு பாட்டு தாண்டினால் மால்கம் யங் வந்து வீட்டையே எழுப்பிவிடுவார். ஹெட்போனில் கேட்பவர்கள் கையை வால்யூம் பட்டன் மேலேயே வைத்திருங்கள்.

இன்னொன்று இதைவிட மோசம். ஆளுக்கு ஒரு பாட்டு என்பதோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். மூன்று நிமிஷப் பாட்டுக்கு இது சரி. அக்டோபர் 9இல் ஜான் லென்னன், தி ஹூவின் ஜான் என்ட்விசில், பி.ஜே. ஹார்வி எல்லாம் முழுசாக வருகிறார்கள் (லென்னனின் மகன் ஷானும் அதே தாளில் இருக்கிறார், அப்பாவின் 35ஆவது பிறந்தநாளில் பிறந்தவர்). ஆனால் அதே தாளில் அம்ஜத் அலி கான் சரோதை எடுத்து ஆலாப்பை (தாளம் இல்லாத ராக விரிவு) மெதுவாகத் திறக்கிறார், இப்போதுதான் கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே வரப்போகிறார், அதற்குள் சத்தம் தேய்ந்து அடுத்த ஆள் வந்துவிடுகிறார். பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-ஸான்ஸுக்கும் இதே கதிதான். நீளமான இசையைப் போட மனசில்லை என்றால் ஏற்கெனவே சின்னதாக இருக்கிற ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், நடுவில் கத்தரி போடுவது அநியாயம்.

வகைப் பெயர்களிலும் பாரபட்சம் இருக்கிறது. ராக் என்றால் ஹார்ட் ராக், ஆர்ட் ராக், கராஜ் ராக் என்று தலைமுடியைப் பிளக்கிறார்கள். எம்.எஸ்., அம்ஜத் அலி கான், பிஸ்மில்லா கான் மூவருக்கும் ஒரே லேபிள்: இந்திய சாஸ்திரிய இசை. கர்நாடக சங்கீதமும் ஹிந்துஸ்தானியும் வேறு வேறு என்று தெரிந்த ஒரு ஆளைக்கூடவா பிடிக்க முடியவில்லை?

இப்போது பின்பக்கம். ஒவ்வொரு தாளின் பின்னாலும் அந்த நாளில் பிறந்தவர்களின் குணம், ராசி, ‘இவர்களை இணைக்கும் சக்தி’ என்று ஒரு பத்தி அச்சடித்திருக்கிறார்கள். சகிக்கவில்லை. மே 7 தாளைத் திருப்பிப் பாருங்கள், 1833இல் பிராம்ஸ், 1840இல் சைகோவ்ஸ்கி, ரெண்டு பேரும் ஒரே மனநிலை, ஒரே நாடித்துடிப்பு என்று எழுதியிருக்கிறது. சைகோவ்ஸ்கிக்கு பிராம்ஸின் இசை பிடிக்கவே பிடிக்காது. 1888இல் லைப்சிக்கில் நேரில் சந்தித்த பிறகு ஆளைப் பிடித்துப்போனது, இசை அப்போதும் பிடிக்கவில்லை. இதில் எங்கே இருக்கிறது ஒரே நாடி? ஏப்ரல் 7இல் பில்லி ஹாலிடே (1915), ரவிசங்கர் (1920) பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பதே ஒரு சுகம், அதைக் கெடுக்க ரிஷப லக்கினம் எதற்கு? ஆயிரக்கணக்கான இசைக்காரர்களை 366 தேதிகளில் பிரித்துப் போட்டால் எந்தத் தேதியிலும் சில பேர் தேறத்தான் செய்வார்கள், இதற்கு நட்சத்திரம் காரணமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் பின்பக்கம் திருப்புவதை விட்டுவிட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள்.

தேதிகள் எவ்வளவு சரி? பாதிக்கு மேல் கவனமாகச் செய்திருக்கிறார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்றே கடைசிவரை சொல்லிவந்தவர், அவர் இறந்து பல வருஷம் கழித்துக் கிடைத்த ஞானஸ்நானப் பதிவில்தான் 1901 ஆகஸ்ட் 4 என்று தெரிந்தது. காலண்டரில் ஆகஸ்ட் 4 தாளில் சரியாக இருக்கிறார். பிப்ரவரி 29க்குத் தனித் தாள் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு சபாஷ். 1792இல் ரொசினி, 1904இல் ஜாஸ் உலகின் ஜிம்மி டோர்சி, 1916இல் டைனா ஷோர், 1976இல் ராப்பர் ஜா ரூல். 1800 லீப் வருஷம் இல்லை என்பதால் ரொசினிக்கு 1796க்கு அப்புறம் 1804 வரை அந்தத் தேதியே வரவில்லை. ஜிம்மி டோர்சி பிறந்த அதே நாள், அதே 1904இல்தான் ருக்மிணி தேவி அருண்டேலும் பிறந்தார். நடனக்காரர், அதனால் தாளில் இடம் கிடையாது, சும்மா சொல்லி வைக்கிறேன்.

சறுக்கியது மார்ச் 21இல். பாக், முசோர்க்ஸ்கி, பிஸ்மில்லா கான் மூவரும் அங்கே இருக்கிறார்கள், பார்க்க அழகான கூட்டணிதான். ஆனால் பாக் 1685 மார்ச் 21இல் பிறந்தார் என்பது பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கு, இன்றைய கணக்கில் அது மார்ச் 31. முசோர்க்ஸ்கிக்கு இதே காலண்டர் இன்றைய கணக்கை எடுத்துக்கொண்டிருக்கிறது, பழைய கணக்கில் அவர் மார்ச் 9. ஒருவருக்குப் பழசு, ஒருவருக்குப் புதுசு, ரெண்டும் ஒரே தாளில். ஒழுங்காகச் செய்திருந்தால் பாக் மார்ச் 31க்குப் போய் ஹைடனோடு உட்கார்ந்திருப்பார், அதுவும் குறைச்சலான ஜோடி இல்லை. பீத்தோவனை டிசம்பர் 17இல் பிறந்ததாகப் போட்டிருப்பதும் அப்படித்தான். 1770இல் அந்தத் தேதியில் நடந்தது ஞானஸ்நானம், பிறந்த தேதிக்குப் பதிவு இல்லை, பெரும்பாலும் முந்தின நாள் என்று சொல்வார்கள். ஒரு நட்சத்திரக் குறி போட்டு அடியில் எழுதியிருந்தால் முடிந்தது.

இளையராஜா விஷயத்தில் கிட்டத்தட்ட நியாயமாக நடந்திருக்கிறார்கள். அவர் பிறந்தது ஜூன் 3. கருணாநிதியின் பிறந்தநாளும் அதுவே என்பதால் தன் கொண்டாட்டத்தை 2க்கு மாற்றிக்கொண்டவர். காலண்டர் அவரை 3ஆம் தேதியிலேயே வைத்து, ஜோஸஃபின் பேக்கர் (1906), கர்டிஸ் மேஃபீல்ட் (1942) இவர்களோடு சேர்த்துவிட்டது. 2ஆம் தேதித் தாளில் எட்வர்ட் எல்கர், ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ். வாழ்த்துச் சொல்வதற்காக அந்தத் தாளைத் திருப்புகிற ரசிகர் ‘ராஜா எங்கே’ என்று குழம்பத்தான் செய்வார். ஆனால் மேஃபீல்டின் பாஸ் கிட்டார் நடையைக் கேட்ட சூட்டோடு ராஜாவின் பாஸ் லைனைக் கேளுங்கள், குழப்பம் எல்லாம் மறந்துபோகும். மறுநாள் ஜூன் 4, எஸ்.பி. பாலசுப்ரமணியம் (1946), கூடவே ஜாஸில் யாருக்கும் அடங்காத ஆந்தனி பிராக்ஸ்டன் (1945), ஓபரா பாடகி செசிலியா பார்த்தோலி (1966). மூன்று நாள் தொடர்ச்சியாக இப்படி ஒரு யோகம்.

விட்டுப்போனவர்கள் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். ஜூன் 24இல் எம்.எஸ். விஸ்வநாதன் (1928) இருக்கிறார், ஓம்கார்நாத் தாகூர், ஜெஃப் பெக், மிக் ஃப்ளீட்வுட் இருக்கிறார்கள், 1927இல் அதே தேதியில் பிறந்த கண்ணதாசன் இல்லை. பாட்டு எழுதுகிறவர் இசைக்காரர் இல்லையாம். மெட்டும் வரியும் ஒரே தேதியில் பிறந்து ஒன்றாக உழைத்தது உலகத்தில் எத்தனை இடத்தில் நடந்திருக்கும்? ஆகஸ்ட் 27இல் லெஸ்டர் யங் (1909), ஆலிஸ் கோல்ட்ரேன் (1937). 1898இல் அதே தேதியில் பிறந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையைக் காணோம். அவர் நாகஸ்வரத்தில் தோடியை அவசரமே இல்லாமல் இழுத்து விரிப்பதும் லெஸ்டர் யங் சாக்ஸஃபோனைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக ஊதுவதும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! ரெண்டு பெயரையும் நானே பேனாவால் எழுதிவிட்டேன். பிறந்த தேதி எழுதி வைக்கப்படாத நாட்டுப்புறப் பாடகர்கள், கூத்துக்காரர்களுக்கு இந்த மாதிரி சரக்கில் எப்போதுமே இடம் இருக்காது. அது இந்தக் காலண்டரின் தப்பு மட்டும் இல்லை, ஆனால் கடைசியில் தேதி தெரியாதவர்களுக்கு என்று ஒரு தாள் சேர்க்க எவ்வளவு செலவாகிவிடும்?

எழுத ஒவ்வொரு தாளிலும் கீழே இடம் விட்டிருப்பது நல்லது, ஆனால் தாள் பளபளப்பு, ஜெல் பேனா மை ஒட்டாமல் கையெல்லாம் ஈஷிக்கொள்கிறது. பால்பாயிண்ட் பரவாயில்லை. கம்பி பைண்டிங் உறுதி. சில கோட்கள் இப்போதே ‘இந்தப் பாடல் கிடைக்கவில்லை’ என்ற பக்கத்துக்குப் போகின்றன. தாளில் பெயர் இருக்கிறது, நாமே தேடிக்கொள்ளலாம், ஆனால் எந்த வருஷத்துக்கும் ஆகும் என்று விற்கிற பொருளுக்கு இது அழகில்லை.

சரி, வாங்கலாமா? தினமும் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒரே வகை இசைதான் உயிர், மற்றதெல்லாம் சத்தம் என்பவர்களுக்கு இது பிடிக்காது, பணம் மிச்சம். பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் முதலில் அவர் பிறந்த தேதித் தாளைத் திருப்பிப் பாருங்கள். செப்டம்பர் 8 மாதிரி த்வோர்ஷாக், ஜிம்மி ராட்ஜர்ஸ், பூபேன் ஹசாரிகா, பாட்ஸி க்ளைன், ஆஷா போஸ்லே, பிங்க் என்று ஜே ஜே என்று இருக்கிற தாள் அமைந்தால் தலைகால் புரியாமல் குதிப்பார், நவம்பர் 27 என்றால் ஜிமி ஹென்ட்ரிக்ஸையும் பப்பி லஹிரியையும் காட்டிச் சிரித்துக்கொள்ளலாம். ரெண்டே ரெண்டு பெயரோடு காலியாகக் கிடக்கிற தாள்களும் உள்ளே இருக்கின்றன, அவர் தேதி அதில் மாட்டினால் வேறு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.