"பிறந்த தேதி சொல்லுங்க சார்": இரண்டு பெரிய நெட்வொர்க், ஒன்பது வருட அனுபவம்

போன வாரம் போனின் டிஸ்ப்ளே போய் சர்வீஸுக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு நாளும் பழைய போனில்தான் ஓடியது. என்னிடம் இருக்கும் இரண்டு சிம்மில் ஒன்று அதில் சிக்னலே எடுக்கவில்லை. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் முதல் கேள்வியே இதுதான்: "வெரிஃபிகேஷனுக்காக உங்க பிறந்த தேதி சொல்லுங்க சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே நிறுவனத்தில், இதே கேள்விக்கு என் பிறந்த தேதியைச் சரியாகச் சொல்லித்தான் இரண்டு வருடத்துக்கு முன் ஒருவன் என் நம்பரையே தூக்கிக்கொண்டு போனான். இன்னமும் அதே கேள்வியா?

அன்றிரவு ஒரு நண்பர் கூப்பிட்டார். "பேங்க்குக்குக் குடுக்கற நம்பர எந்த நெட்வொர்க்ல வெச்சா நிம்மதியா இருக்கலாம்? நீங்கதான் ரெண்டும் வெச்சிருக்கீங்களே." போனில் அவருக்குச் சொன்னது கொஞ்சம்தான். சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஸ்பீடு, கவரேஜ், பிளான் எல்லாம் உங்களுக்கே தெரியும். இது பாதுகாப்பைப் பற்றி மட்டும். நிறுவனங்களின் பெயர் வேண்டாம். ஒன்பது வருடமாக வைத்திருப்பதை முதலாவது என்றும், நான்கு வருடமாக வைத்திருப்பதை இரண்டாவது என்றும் சொல்கிறேன். இரண்டுமே கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் உள்ள பெரிய நிறுவனங்கள்.

முதலில் அந்தச் சம்பவம். மாலையில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது லைன் கட்டானது. மணி 4.19. அந்த கால் லாகை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். டவர் பிரச்சினை என்று நினைத்து ஏரோப்ளேன் மோடு போட்டு எடுத்தேன், ரீஸ்டார்ட் செய்தேன். 'நோ சர்வீஸ்' மாறவே இல்லை. அரை மணி நேரம் கழித்து லேப்டாப்பில் ஒரு மெயில் வந்தது: உங்கள் பாஸ்வேர்டை மாற்றக் கோரிக்கை வந்துள்ளது. ஒரு நிமிடத்தில் இன்னொன்று. அப்போதுதான் உறைத்தது.

பணம் போகவில்லை. மெயிலுக்கு எஸ்எம்எஸ் ஓடிபி வைக்காமல், போனுக்குள்ளேயே கோட் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருந்ததால் மெயில் தப்பித்தது. பேங்க் கணக்கை இரண்டாவது சிம்மிலிருந்து கூப்பிட்டு முடக்கினேன். பிறகு முதலாவதின் கஸ்டமர் கேர். நாற்பது நிமிடக் காத்திருப்பு. லைனில் வந்தவர் பிறந்த தேதியைக் கேட்டார். "மேடம், அவனும் இதைத்தானே சொல்லியிருப்பான்?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நம்பர் திரும்பி வர 19 மணி நேரம் ஆனது.

நம்பர் சிம் கார்டுக்குள் இருக்கிறது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறோம். உண்மையில் அது நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் ஒரு பதிவு. இந்த நம்பருக்கு வரும் காலும் மெசேஜும் இந்த சிம்முக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பதிவைத் திருத்தினால் என் கையில் இருக்கும் சிம் சில நிமிடங்களில் செத்துவிடும். திருத்தும் அதிகாரம் ஷோரூம் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் முதல் கஸ்டமர் கேரில் பேசுபவர் வரை பலருக்கு இருக்கிறது. அவர்களை ஏமாற்றலாம், விலைக்கும் வாங்கலாம். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் டி-மொபைல், வெரைசன் என்ற மொபைல் நிறுவனங்களின் ஊழியர்கள் பலருக்கு ஒரு மெசேஜ் போனது: ஒரு சிம் மாற்றிக் கொடுத்தால் 300 டாலர். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே அவருடைய போன் நம்பர் வழியாகத்தான் கைமாறியது.

இப்போது பிறந்த தேதிக்கு வருகிறேன். பாஸ்வேர்ட் கசிந்தால் மாற்றலாம். சிம் கசிந்தால்கூட வேறு சிம் வாங்கலாம். பிறந்த தேதியை யாரால் மாற்ற முடியும்? இதுவரை பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களிலிருந்து திருடு போனதை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2015ல் பிரிட்டனின் டாக்டாக்: சுமார் 1,57,000 பேரின் தகவல், அதில் பிறந்த தேதி இருந்தது. 2021ல் டி-மொபைல்: 7.6 கோடிக்கும் மேற்பட்டவர்கள், பிறந்த தேதி. 2022ல் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ்: 95 லட்சத்துக்கும் மேல், பிறந்த தேதி. 2023 ஜனவரியில் மறுபடியும் டி-மொபைல்: 3.7 கோடிக் கணக்குகள், பிறந்த தேதி. 2024ல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி ஒப்புக்கொண்ட 7.3 கோடிப் பேரின் தகவலிலும் அதேதான். இத்தனை தடவை தெருவில் கொட்டிக் கிடந்த ஒன்றைக் கேட்டுவிட்டு "வெரிஃபிகேஷன் முடிஞ்சது சார், நன்றி" என்கிறார்கள். திருடனிடம் அச்சடித்த பட்டியலே இருக்கிறது. நானாவது ஒரு நொடி யோசித்துச் சொல்வேன், அவன் பட்டென்று படித்துவிடுவான்.

அந்த ஏடி அண்ட் டி விஷயத்தில் இன்னொன்றும் உறுத்துகிறது. 7.3 கோடியில் அப்போதைய வாடிக்கையாளர்கள் 76 லட்சம் பேர்தான். மற்ற 6.54 கோடிப் பேர் எப்போதோ விலகிப் போனவர்கள். ஆப்டஸிலும் பழைய வாடிக்கையாளர்கள் மாட்டினார்கள். ஒருவன் நெட்வொர்க் மாறிப் போன பிறகும் அவனுடைய அடையாள ஆவண எண்ணை எதற்கு வைத்திருக்க வேண்டும்? எந்த நிறுவனத்தில் சேர்வது என்று கேட்கிறவர்கள், விலகிய பிறகு என் தகவலை என்ன செய்வீர்கள் என்று கேட்பதே இல்லை. நானும் கேட்டதில்லை. இனிமேல் கேட்பேன்.

இப்போது இரண்டாவது. மனம் திறந்து பாராட்ட வேண்டியது இருக்கிறது.

போன வருடம் அந்த நம்பரை, கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் இ-சிம்முக்கு மாற்றினேன். ஆப்பில் கோரிக்கை கொடுத்தேன். உடனே பழைய சிம்முக்கு ஒரு மெசேஜ்: உங்கள் சிம்மை மாற்றக் கோரிக்கை வந்திருக்கிறது, நீங்கள் செய்யவில்லை என்றால் 'வேண்டாம்' என்று பதில் அனுப்பவும். பிறகு பல மணி நேரக் காத்திருப்பு. மாறிய பிறகும் ஒரு நாள் முழுக்க எஸ்எம்எஸ் வரவில்லை. எனக்கு அவசரம். கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "ஒரு நாள் ஓடிபி வராது சார், வேணும்னேதான் நிறுத்தி வெச்சிருக்கோம்" என்றார்கள். போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த 4.19 அன்று முதலாவதில் இப்படி ஒரு தடை இருந்திருந்தால், எனக்கு முதலில் மெசேஜ் வந்திருக்கும். நான் தடுத்திருப்பேன். என்னிடமிருந்து தப்பி சிம் மாறியிருந்தாலும் ஒரு ஓடிபிகூட அவன் கைக்குப் போயிருக்காது.

அதைவிடப் பெரிய சந்தோஷம் நம்பர் லாக். ஆப்பில் ஒரு சுவிட்ச். அதைப் போட்டுவிட்டால் சிம்மும் மாற்ற முடியாது, வேறு நெட்வொர்க்குக்கு போர்ட் அவுட்டும் செய்ய முடியாது. சோதித்துப் பார்க்க ஒரு நாள் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். போன் தொலைந்துவிட்டது, ரொம்ப அவசரம், லாக்கை நீங்களே எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். லைனில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், நான் எடுக்கணும்னு நெனச்சாலும் முடியாது. என் ஸ்கிரீன்ல அந்த பட்டனே கிடையாது."

இந்தப் பதிலுக்காகவே எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பாதுகாப்பை அளக்க அவர்களுடைய வெப்சைட்டில் இருக்கும் ஐஎஸ்ஓ 27001 என்ற தகவல் பாதுகாப்புச் சான்றின் முத்திரையைப் பார்த்து எனக்கு எதுவும் புரிந்ததில்லை. கஸ்டமர் கேரில் இருப்பவரின் ஸ்கிரீனில் என்னென்ன பட்டன் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். நல்ல மனுஷனை ஏமாற்ற முடியாதபடி, கெட்ட மனுஷனுக்கு விற்க எதுவும் இல்லாதபடி, பட்டனையே எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு கோபத்தையும் சொல்லியாக வேண்டும். ஆறு மாதம் முன்பு இந்த இரண்டாவதிடமிருந்து ஒரு மெசேஜ். எங்களோடு பணியாற்றும் வெளி நிறுவனம் ஒன்றின் சிஸ்டத்தில் அனுமதியற்ற நுழைவு கண்டறியப்பட்டது, உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் முன்னுரிமை. அவ்வளவுதான். என்ன போனது? எப்போது போனது? என் தகவல் அதில் இருக்கிறதா? மூன்று முறை கூப்பிட்டேன், இரண்டு மெயில் போட்டேன். மெயிலுக்கு வந்த பதில் அதே மெசேஜின் அதே இரண்டு வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். மூன்றாவது அழைப்பில் "அப்படி எந்தத் தகவலும் எங்க சிஸ்டத்துல இல்ல சார்" என்றார்கள்.

வெளி நிறுவனம் என்பது சமாதானமே கிடையாது. 2024ல் ஏடி அண்ட் டியின் கிட்டத்தட்ட எல்லா மொபைல் வாடிக்கையாளர்களின் ஆறு மாத கால், மெசேஜ் பதிவுகள், யார் யாருக்கு எத்தனை முறை பேசினார்கள் என்பது உட்பட, ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுடில் இருந்துதான் போயின. அந்தத் தாக்குதலில் மாட்டிய கணக்குகளில் பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டிருக்கவில்லை. நம்மை ஓடிபி போடு, பின் போடு என்று படுத்துகிறவர்களின் வீட்டுக் கதவு அப்படி இருந்திருக்கிறது.

மறைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென் கொரியாவின் எஸ்கே டெலிகாம் பெரிய உதாரணம். 2025 ஏப்ரலில் அவர்களிடம் திருடு போனது சாதாரணத் தகவல் இல்லை. நான் மேலே சொன்ன அந்த சர்வரே மாட்டியது. சுமார் 2.3 கோடிப் பேரின் சிம் விவரங்கள், அது உண்மையான சிம்தான் என்று நெட்வொர்க்குக்கு நிரூபிக்க ஒவ்வொரு சிம்முக்குள்ளும் இருக்கும் ரகசியச் சாவி உட்பட. அந்தச் சாவிகளை என்கிரிப்ட் செய்யாமலே வைத்திருந்தார்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் இலவசமாக சிம் மாற்றித் தருகிறோம் என்றார்கள், ஆனால் கையிருப்பில் இருந்தது சுமார் பத்து லட்சம் சிம். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அரசு விசாரித்தபோது, நுழைந்தவர்கள் 2021லேயே உள்ளே வந்துவிட்டது தெரிந்தது. 2022ல் ஒரு சர்வரில் தீய மென்பொருளை நிறுவனமே கண்டுபிடித்திருக்கிறது. சட்டப்படி தெரிவிக்க வேண்டும், தெரிவிக்கவில்லை. அன்றே தெரிவித்து முழுசாகத் தோண்டியிருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும். கடைசியில் அபராதம் சுமார் 13,480 கோடி வொன்.

நேர்மாறாக டி-மொபைல். 2021 திருட்டுக்கு 35 கோடி டாலர் இழப்பீடு, பாதுகாப்புக்கு மேலும் 15 கோடி டாலர் செலவிட ஒப்புதல். அப்படி அடிபட்ட நிறுவனம், 2024ல் சால்ட் டைஃபூன் என்ற சீன உளவுக் குழு அமெரிக்க நிறுவனங்களுக்குள் புகுந்திருந்தபோது, எங்கள் பக்கம் வந்தவர்களை ஆரம்பத்திலேயே துண்டித்துவிட்டோம், எந்த நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாக வந்தார்களோ அதன் இணைப்பையே வெட்டினோம் என்று வெளிப்படையாக எழுதியது. அது அவர்களே சொல்வது என்பதையும் மறக்கவில்லை. ஆனாலும் நேற்று மோசமாக இருந்தவன் இன்றும் மோசம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியவில்லை.

அந்த சால்ட் டைஃபூன் விஷயத்தில் நம்மால் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு. கோர்ட் உத்தரவோடு ஒட்டுக்கேட்க அரசுக்காக நெட்வொர்க்குக்குள் கட்டி வைத்த வழியையே அவர்கள் தொட்டிருக்கிறார்கள். 2004, 2005ல் கிரேக்கத்தில் வோடஃபோன் நெட்வொர்க்கில் பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் போன் ஒட்டுக்கேட்கப்பட்டதும் அதே மாதிரி வசதியைத் திருட்டுத்தனமாக இயக்கித்தான். கால், மெசேஜைத் தங்களுக்குள் கடத்த, நிறுவனங்கள் ஒன்றையொன்று கண்ணை மூடி நம்பிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய முறையும் அப்படித்தான். 2017ல் ஜெர்மனியில் ஓ2 என்ற நெட்வொர்க்கின் வாடிக்கையாளர்களின் பேங்க் எஸ்எம்எஸ்கள் அந்த வழியாகத் திருப்பிவிடப்பட்டு பணம் போனது. அங்கே யாரும் சிம் மாற்றவே இல்லை. என் நம்பர் லாக் அதற்கு உதவாது. அதனால் எஸ்எம்எஸ் ஓடிபியை எங்கெல்லாம் எடுக்க முடியுமோ அங்கெல்லாம் எடுத்துவிட்டேன். இரண்டே இடத்தில்தான் இன்னும் வேறு வழி கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

நண்பருக்கு என்ன சொன்னேன்? இரண்டாவதில் வாங்குங்கள், வாங்கிய அன்றே நம்பர் லாக்கைப் போடுங்கள் என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுதான் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. "அப்ப நீங்களும் பேங்க் நம்பர அங்க மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை. இன்றைக்கும் என் பேங்க் நம்பர் முதலாவதில்தான் இருக்கிறது. மாற்ற ஃபார்மை இரண்டு முறை எடுத்தும் வைத்துவிட்டேன்.

சம்பவம் நடந்த பன்னிரண்டாம் நாள் முதலாவதிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் கேட்காமலே வந்தது. எந்த ஷோரூமில் மாற்றப்பட்டது, எந்த ஆவணத்தைப் பார்க்காமல் விட்டார்கள், பிறந்த தேதியையும் முகவரியையும் மட்டும் கேட்டுவிட்டு மாற்றிக் கொடுத்தது எங்கள் தவறு என்று நேராக எழுதியிருந்தார்கள். 'எங்கள் தவறு' என்ற வார்த்தை அதில் அப்படியே இருந்தது. சிம் மாற்றிய நேரம் மாலை 4.17 என்று போட்டிருந்தது. என் லைன் கட்டானது 4.19.