‘நியூ டூல்’ என்றார், சேஸியில் ஸ்விட்ச் ஓட்டை இருந்தது

1/24 கார் கிட் (நிஜக் காரை 24இல் ஒரு பங்காகச் சுருக்கி, நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல்) வாங்குகிறவர்களுக்கு, அதிலும் வாட்ஸ்அப்பில் முன்பணம் கட்டி வாங்குகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். ரூ. 5,200 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனதைவிட வெட்கம்தான் அதிகம். நான் சோறு தின்பதே பிளாஸ்டிக் மோல்டிங்கில். அம்பத்தூரில் இருபது வருஷமாக இன்ஜெக்‌ஷன் மெஷின் பக்கத்தில் நிற்கிறவனிடம் மோல்டை, அதாவது வார்ப்பு அச்சைப் பற்றியே பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

கார், டாட்சன் 240இசட். 1969இல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்று அறிமுகமான அந்த நீள மூக்குக்காரி. விற்றவருக்குக் கடை கிடையாது, தனி ஆள். பெயர் சொல்லப் போவதில்லை. இந்த வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. “இந்த வருஷ ரிலீஸ் சார், முழுக்க நியூ டூல், நமக்கு ஆறு பீஸ்தான் வருது” என்று மெசேஜ் வந்தது. நியூ டூல் என்றால் புதிதாகச் செய்த மோல்டில் வார்த்தது. ஆறு பீஸ் என்றதும் புத்தி வேலை செய்யவில்லை. அன்றைக்கு ராத்திரியே யுபிஐயில் முழுப் பணமும் போட்டுவிட்டேன். பெட்டி வர இரண்டரை மாதம். நடுவில் கஸ்டம்ஸ், மழை, அவர் மச்சான் கல்யாணம்.

கிட் கட்டுகிறவர்கள் வட்டாரத்தில் ‘புதுசு’ என்ற சொல்லுக்கே பல அர்த்தம். ஜப்பான் கிட் கம்பெனி டாமியா 2019இல் டொயோட்டா ஜிஆர் சூப்ராவை விட்டதே, அது நிஜமாகவே புது மோல்டு. இன்னொரு ஜப்பான் கம்பெனி ஹசெகாவாவின் லிமிடெட் எடிஷன்களில் பெரும்பாலும் தெரிந்த பாடிதான் இருக்கும், டிகாலும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) பெட்டிப் படமும் மாறும். சில கம்பெனிகள் பழைய மோல்டோடு புதிதாக ஒரே ஒரு ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) சேர்த்துத் தருவார்கள். இதில் எதுவும் தப்பில்லை. ஒரு மோல்டு அடிக்க என்ன செலவாகும் என்று தெரிந்தவன் நான். பழசைத் தூசி தட்டி மறுபடி ஓட்டுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழசைப் பழசு என்று சொல்லி, பழசின் விலைக்கு விற்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் பாடியைக் கையில் எடுத்தேன். வீல் ஆர்ச் ஓரமெல்லாம் ஃப்ளாஷ், வெங்காயத் தோல் மாதிரி. மோல்டின் இரண்டு பாதியும் சேரும் இடம் தேயத் தேய, அந்த இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து இப்படித்தான் நிற்கும். தினமும் பார்க்கிற காட்சி. இருந்தாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை, கத்தியால் சீவிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சேஸியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடிவயிறு கலங்கியது. நடுவில் செவ்வகமாக ஒரு ஓட்டை. பக்கத்தில் பேட்டரி படுக்க ஒரு பள்ளம். பழைய ஜப்பான் கிட்கள் நிறைய, பேட்டரியும் மோட்டாரும் வைத்துத் தரையில் ஓட விடுவதற்காகச் செய்யப்பட்டவை. அந்த ஓட்டை ஸ்விட்சுக்கானது. இன்றைக்கு முழுக்கப் புதிதாக அடிக்கும் ஷோகேஸ் கிட்டில் அதற்கு என்ன வேலை?

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வெளுத்தது. பேட்டரிக்கு இடம் விட்டதால் உள்தளம் மேலே ஏறியிருந்தது. டிரைவரை உட்கார வைத்தால் முட்டி மோவாயில் இடிக்கும். அளந்து பார்க்க வெர்னியரை எடுத்தேன். நிஜக் காரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) 2,305 மிமீ, 24ஆல் வகுத்தால் 96 வர வேண்டும். என்னுடையது 98.5. ஒரே மோட்டார் சேஸியைப் பல கார்களுக்கு மாட்டிய காலத்துச் சரக்கு.

சரக்கும் அலமாரியில் பல வருஷம் கிடந்ததுதான். வினைல் டயரில் இருக்கும் எண்ணெய் நாளாக ஆக வெளியே கசிந்து, ஒட்டிக்கிடக்கும் பாலிஸ்டைரீனை, அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். இரண்டு வீல் ரிம்மில் டயரின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. டிகால் மஞ்சள். அதையாவது காப்பாற்றலாம் என்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி ஒரு வாரம் வெயில் காட்டினேன், மஞ்சள் போய்விட்டது. தண்ணீரில் போட்டதும் மூன்று துண்டானது. பெட்டியின் பக்கவாட்டில் அவர் ஒட்டியிருந்த விலைச் சீட்டை உரித்தால் அடியில் 1,800 யென். நம் பணத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்.

போன் போட்டேன். “கம்பெனி மறுபடி ரிலீஸ் பண்ணா அது நியூ ரிலீஸ்தானே சார்?” என்றார். நியூ டூல் என்று சொன்னீர்களே என்றால், “அது சப்ளையர் சொன்னது. நீங்க பாக்ஸ் ஓபன் பண்ணிட்டீங்க, இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது.” திறக்காமல் எப்படி அண்ணே தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மறுநாள் என்னை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மெசேஜ்களையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் அது சுலபமாக இருந்தது. நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள்.

விற்கிறவர் பெட்டிப் படம் மட்டும் அனுப்பினால் ஏற்காதீர்கள். பெட்டி அட்டையைப் புதிதாக அச்சடிக்க மோல்டு தேவையில்லை. ஸ்ப்ரூவின் படம், முக்கியமாகச் சேஸியின் அடிப்பாகம், கேளுங்கள். பல கிட்களில் அங்கேயே வருஷம் பொறித்திருக்கும். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டுப் பார்த்தால் அந்த மோல்டு எந்தெந்தப் பெட்டிக்குள் புகுந்து வந்தது என்று வம்சாவளியே கிடைக்கும். ஐந்து நிமிஷ வேலை, நான் செய்யவில்லை. வெளியே சுற்றிய பிளாஸ்டிக் உறையை வைத்து ‘சீல்டு’ என்று நம்பாதீர்கள். ஒரு ரோலும் ஹீட் கன்னும் இருந்தால் யார் வேண்டுமானாலும் சுற்றலாம். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் பைகளின் ஒட்டு.

நேற்று நண்பர் போனில் அந்த விற்பனையாளரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். அதே பெட்டி, ‘நியூ டூல், கடைசி இரண்டு பீஸ்’. விலை இப்போது ரூ. 5,600.