மரத்தில் சாமி சிலை வாங்கப் போகிறீர்களா? பாலிஷ் போடுவதற்கு முன் பாருங்கள்

வாசலுக்கோ பூஜை அறைக்கோ மரத்தில் சாமி சிலை வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பாலிஷ் போட்ட சிலையை போட்டோவில் பார்த்து வாங்காதீர்கள். கைவேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, எந்தப் பேர் பெற்ற ஊரின் பெயரைச் சொன்னாலும் சரி. ஏமாற்று வேலை நடப்பது மரத்தில். பாலிஷ் அதை மூடிவிடும்.

நான் வாங்கியது 2 அடி உயரத்தில் உட்கார்ந்த விநாயகர். சென்னையில் கடையும் இன்ஸ்டாகிராமில் பக்கமும் வைத்திருக்கும் ஒரு வியாபாரியிடம். “தம்மம்பட்டி கைவேலை மேடம். வைரம் பாஞ்ச வாகை. ஒரே கட்டை, ஒட்டே கிடையாது. உங்க பேரன் காலம் வரைக்கும் அசையாது” என்றார். வைரம் பாய்ந்தது என்றால் முற்றிக் கெட்டிப்பட்ட நடுமரம். விலை 28,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி பார்சல் போடுவதற்கு முன்னால். வந்தபோது குறை சொல்ல எதுவுமே இல்லை. தொந்தியைச் சுற்றிய நாகத்துக்குச் செதில் செதிலாக வெட்டியிருந்தார்கள். முறக் காதுகளில் நரம்பு ஓடுவதுகூடத் தெரிந்தது. செதுக்கியவர் நல்ல கைகாரர், அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

கார்த்திகை மழையில் வந்தவர் பங்குனி வெயிலைத் தாங்கவில்லை. முதலில் கிரீடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அது நெற்றிக்கு இறங்கி, இரண்டு கண்ணுக்கும் நடுவே போய், தும்பிக்கையின் பாதி வரை பிளந்தது. மேலே பத்து ரூபாய் நாணயத்தைச் செருகினால் நிற்கிற அகலம். அதே நேரத்தில் இடது காதின் ஓரத்தில் பாலிஷ் தோல் உரிவதுபோல எழும்பியது. உள்ளே பார்த்தால் மரத்தூளும் பசையும் குழைத்து அப்பிய பட்டி. ஒரே கட்டை என்று சொன்ன சிலையில் காது தனியாகச் செய்து ஒட்டியது! அப்புறம் பீடத்துக்குக் கீழே வெள்ளையாக மாவு கொட்ட ஆரம்பித்தது. பூஜை அறையில் வெள்ளையாக ஏதாவது கிடந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? விபூதி சிந்தியிருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் மாறி மாறித் துடைத்துக்கொண்டிருந்தோம். துடைத்தால் மறுநாள் மறுபடி அதே இடத்தில். சிலையைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் குண்டூசி முனை அளவில் வரிசையாகத் துளைகள் தெரிந்தன. மரம் உளுக்க ஆரம்பித்திருந்தது.

வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினேன். முதல் பதில்: “மரம்னா மூச்சு விடும் மேடம்.” அடுத்தது: “ஏசி ரூம்ல வச்சீங்களா?” எங்கள் பூஜை அறையில் ஏசி இல்லை, ஃபேன்கூட இல்லை. அடுத்தது தரை ஈரம் என்றார். சிலை இருப்பது தேக்குப் பலகை மேல். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள்: “பின்னமான சாமியைத் திரும்ப எடுக்கிற வழக்கம் எங்க கடையில இல்ல. வீட்லயும் வச்சுக்காதீங்க, ஆத்துல விட்டுடுங்க.” பக்தியோடு சொன்ன யோசனைதான். சிலை ஆற்றோடு போனால் சாட்சியும் அதோடு போய்விடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, செய்த ஊரிலேயே கேட்போம் என்று ஆத்தூர் வழியாகத் தம்மம்பட்டிக்குப் போனோம். சேலம் மாவட்டத்தில், ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை என்று நடுவில் இருக்கிற ஊர். கோயில் வாகனங்கள், கதவுகள், தசாவதாரப் பலகைகள், ஆளுயரச் சிலைகள் என்று இந்த ஊரின் மரவேலை எங்கெல்லாமோ போகிறது. பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும் இதே தொழில்தான். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தம்மம்பட்டி வேலைக்கும் அந்தக் குறியீடு உண்டு. ஆனால் அது ஊருக்கும் வேலைக்குமான அடையாளம். கட்டை காய்ந்ததா இல்லையா என்று யாரும் அதில் சான்று தருவதில்லை. இடைத்தரகர்கள் இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லியே விற்பதும் அதனால்தான் சுலபமாக இருக்கிறது.

அங்கே ஒரு பட்டறையில் வயதான சிற்பி ஒருவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெடிப்பைக்கூட அவ்வளவாகக் கவனிக்கவில்லை. “அடிப்பக்கம் படம் இருக்குதுங்களாம்மா?” என்றார். காட்டினேன். பீடத்தின் அடியில் பாலிஷ் சரியாக ஏறாத இடத்தில், வட்டம் வட்டமாக ஓடுகிற வளையங்களின் நடுப்புள்ளி தெரிந்தது. “இது முழு உருளைங்க. மையத்தோட அப்படியே வெட்டியிருக்காங்க. பச்சை மரம் வேற. வெடிக்காம என்ன பண்ணும்?”

அவர் விளக்கியதையும், பிறகு நான் விசாரித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. மையத்தை நோக்கிச் சுருங்குவதைவிட வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். மையம் உள்ளேயே இருக்கிற முழு உருளையில் இந்த இழுப்புக்குப் போக்கிடம் இல்லை. அதனால் வெளியிலிருந்து மையத்தை நோக்கிப் பிளக்கும். விவரம் தெரிந்தவர்கள் பெருத்த மரமாக வாங்கி, மையத்தை ஒதுக்கிவிட்டு, பக்கத்துப் பாகத்தில் சிலை எடுப்பார்கள். பெருத்த மரம் விலை அதிகம். அதில் மிச்சம் பிடித்ததுதான் என் விநாயகரின் நெற்றியில் வெடிப்பாக விழுந்தது.

காய வைப்பதும் லேசான காரியமில்லை. அறுத்த கட்டையின் இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசி நிழலில் அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முனை சீக்கிரம் காய்ந்து அங்கிருந்தே வெடிக்கும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது மரக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எட்டு அங்குலக் கட்டைக்கு எட்டு வருஷம் யார் காத்திருப்பது? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டறையின் மூலையில் ஒரு முருகர் நின்றார். நடுக்கோடு போட்டு, தாளக் கணக்கில் (சிலைக்கான அங்க அளவு முறை) தலை, மார்பு, இடுப்பு என்று பிரித்து, வாச்சி என்கிற கொத்துக் கருவியால் வேண்டாத மரத்தை எல்லாம் கொத்தி எறிந்திருந்தார்கள். வேல் பிடித்த கை வெறும் கட்டையாக நீண்டிருந்தது, முகத்தில் மூக்குக்கு ஒரு மேடு மட்டும். இப்படி முரட்டு உருவம் எடுத்து மாதக்கணக்கில் போட்டுவிடுவார்களாம். கனம் குறைந்துவிடுவதால் உள்ளே இருக்கிற ஈரம் வேகமாக வெளியேறும், வெடிக்க வேண்டியது அப்போதே வெடித்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் சின்ன உளிகள் வெளியே வரும். முகமும் கண்ணும் கடைசியில்.

ஆனால் பச்சை மரம் உளிக்கு வெண்ணெயாக வெட்டும். உளி சீக்கிரம் மழுங்காது. கட்டையில் பணம் முடங்காது. கடைக்காரர் போன் போட்டு, பண்டிகைக்குள் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றால், நாள் கூலிக்கு உட்கார்ந்திருக்கிற சிற்பி என்ன செய்வார்? 28,000 ரூபாயில் செதுக்கியவர் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. என் கோபமெல்லாம் காய்ந்ததா காயாததா என்று தெரிந்தே “வைரம் பாய்ந்தது” என்று விற்றவர் மேல்தான்.

மாவு கொட்டியதற்குக் காரணம் வேறு. வாகையின் நடுப்பகுதி பழுப்பாக இருக்கும், வெளிவட்டம் வெள்ளையாக இருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். மாவுச்சத்து இருக்கிற அந்த வெள்ளைப் பகுதியைத்தான் வண்டு தேடி வரும். என் சிலையின் பீடத்தில் பாதி வெள்ளை. அதன் மேல் கருத்த சாயம் அடித்து, மேலே பாலிஷ் போட்டு, எல்லாம் ஒரே நிறமாக்கிவிட்டார்கள்.

ஊரிலிருந்து திரும்பியதும் பார்சல் சர்வீஸ் ரசீதைத் தேடி எடுத்தேன். எடை 20 கிலோ என்று போட்டிருந்தது. அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எல்லாம் ஒரு கிலோவுக்கு மேல் இருக்காது. சிலையை இப்போது தராசில் வைத்தால் 14½ கிலோ. நாலரை கிலோ தண்ணீரை வாகை மரத்து விலைக்கு வாங்கியிருக்கிறேன்! இந்த ரசீதைப் படமெடுத்து அனுப்பிய பிறகு வியாபாரியிடமிருந்து மூச்சு விடும் மரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்த அலைச்சலில் வேறு சில தில்லுமுல்லுகளும் தெரியவந்தன. அதிகம் நடப்பது அத்தி மரத்தின் பெயரில். 2019-ல் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனம் தந்த பிறகு “அசல் அத்தி மரச் சிலை” என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அத்தி வெளிறிய, லேசான, மென்மையான மரம். தண்ணீருக்குள் நன்றாகத் தாங்கும், அந்தக் காலத்தில் கிணற்று வேலைக்குப் பயன்படுத்தியதும் அதனால்தான். வெளியே காற்றில் சீக்கிரம் பூச்சி பிடிக்கும். கையில் கனக்கிற கருத்த சிலையைக் காட்டி அத்தி என்றால் அது அத்தி இல்லை. உண்மையிலேயே அத்தி என்றால் பூச்சிக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ரோஸ்வுட் என்று விற்பதில் பாதிக்கு மேல் சாயம்தான் என்பது என் எண்ணம். ரோஸ்வுட் என்கிற ஈட்டி மரம் தூக்கினாலே தெரிகிற கனம். அடிப்பக்கத்தில் உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தால் உள்ளேயும் அதே ஊதா கலந்த பழுப்பு வர வேண்டும். வெளிறிப்போய் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தேய்க்க விடாத கடையிலும் அதையே செய்யலாம்.

மெஷினில் செதுக்கியதைக் கைவேலை என்பது அடுத்தது. மெஷின் வேலை மோசம் என்று நான் சொல்லவில்லை, கைவேலை விலைக்கு விற்பதுதான் மோசம். மடிப்புகளுக்கு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சீப்பால் வாரியதுபோல மெல்லிய இணைகோடுகள் ஒரே இடைவெளியில் ஓடினால் அது மெஷின். கைக்கும் உடலுக்கும் நடுவே, மாலைக்குப் பின்னால் என்று குடைந்து எடுக்க வேண்டிய இடங்கள் மொத்தையாக நிற்கும். மரத்தூளையும் ரெசினையும் அச்சில் ஊற்றிய சிலைகளும் “மரச் சிலை” ஆகிவிடுகின்றன. அவற்றில் அடியில் ரேகையே இருக்காது. கடையில் இருக்கிற நாலு சிலைக்கும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிசிறு இருக்கும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் நேரே பட்டறைக்குப் போங்கள், அல்லது பாலிஷுக்கு முன் ஆறு பக்கமும் வீடியோ கேளுங்கள், அடிப்பக்கம் கட்டாயம். பேசி முடித்த பிறகு எடையைக் குறித்துக்கொண்டு, சில வாரம் கழித்து மறுபடி எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். குறைந்துகொண்டே இருந்தால் இன்னும் காய்கிறது என்று அர்த்தம். பில்லில் மரத்தின் பெயர், “ஒரே கட்டை”, “கைவேலை” என்ற சொற்கள் எழுத்தில் இருக்க வேண்டும். எனக்கு வந்த பில்லில் “மரக் கைவினைப் பொருள் 1” என்று மட்டும்தான் இருந்தது. நல்லவேளை, வாட்ஸ்அப்பில் அவர் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். நான் பதிந்த பிறகுதான் வியாபாரி பாதிப் பணம் தருகிறேன் என்று இறங்கி வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன். 2019-ஆம் வருஷச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பிரச்சினை வந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில், பணம் அனுப்பிய விவரம், பார்சல் ரசீது, தேதியோடு படங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். என் மனு அடுத்த வாரம் போகிறது. வழக்கு முடிகிற வரை கடையின் பெயரை எழுத மாட்டேன், கமெண்டில் கேட்காதீர்கள்.