படம் மொக்கையா, பிரிண்ட் மொக்கையா?

ஒரு 4கே டிவி, ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ஒரு சவுண்ட்பார். ஐம்பதுகளின் கறுப்பு வெள்ளையிலிருந்து போன வாரம் ஓடிடிக்கு வந்தது வரை இதிலேயே வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று புலப்படும். 'பழைய படம்னாலே இழுவை', 'புதுப் படத்துல வசனமே கேட்கல' என்று நாம் சொல்லும் தீர்ப்புகள் பலவும் படத்தைப் பற்றியவை அல்ல. பிரதியும் செட்டிங்கும் செய்த வேலைக்கு இயக்குநர் திட்டு வாங்குகிறார்.

முதல் குற்றவாளி மோஷன் ஸ்மூத்திங். சினிமா வினாடிக்கு 24 பிரேம். டிவி இடையில் பொய்ப் பிரேம்களைச் செருகுவதால் எல்லாம் மெகா சீரியல் மாதிரி வழுக்கும். சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். இந்த வேலைகளை ஒட்டுமொத்தமாக நிறுத்தும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே போதும். நாய்ஸ் ரிடக்‌ஷனும் வேண்டாம். அது பிலிமுக்கே உரிய மணல் போன்ற புள்ளிகளை அழுக்கென்று நினைத்துத் துடைக்கும்போது முகத்தின் சுருக்கமும் சேர்ந்து போய்விடும். ஷார்ப்னெஸ்ஸையும் குறையுங்கள், ஆனால் சோனியில் 50தான் நடுநிலை. கலர் டெம்பரேச்சர் வார்ம் பக்கம் இருக்கட்டும். கூல் மோடில் கறுப்பு வெள்ளைப் படம் நீலமாகத்தான் தெரியும். வார்முக்கு மாறியதும் மஞ்சளடிப்பதாகத் தோன்றும். இரண்டு மூன்று நாளில் கண் பழகிவிடும்.

அடுத்தது சட்டக அளவு. தமிழில் சினிமாஸ்கோப் வந்ததே 1973இல், 'ராஜ ராஜ சோழன்' படத்தில்தான். அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் ஏறத்தாழ 4:3. திரை முழுக்க நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போயிற்று. வெட்டாமல் இழுத்தால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு குண்டாகிவிடுவார்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் வாயாலேயே சத்தம் போட்டுக் கதை சொல்ல, பாலையா நடுங்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒருவரின் குரலும் இன்னொருவரின் முகமும்தான் மொத்தச் சரக்கு. அந்த முகத்தில் நெற்றியை வெட்டிவிட்டு, குரலைச் சுற்றிலும் ஒலிப்பதுபோலக் காட்டும் வர்ச்சுவல் சரவுண்டில் கரைத்துவிட்டு, 'காமெடி எடுபடல' என்றால் என்ன செய்வது? பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருப்பதே சரி.

பழைய படத்தில் கதை திடீரென்று தாவினால் திரைக்கதையைக் குறை சொல்லும் முன் நீளத்தைச் சரிபாருங்கள். தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழில் படத்தை நிறுத்திப் பார்த்தால் ரீல் எண்ணிக்கையும் நீளமும், பெரும்பாலும் மீட்டரில், இருக்கும். 35 எம்எம் பிலிம் நிமிடத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். 4,500 மீட்டர் என்றால் 164 நிமிடம். உங்கள் பிரதி 140 நிமிடம் என்றால் யாரோ கத்திரி போட்டிருக்கிறார்கள். 157 நிமிடம் காட்டினால் பதற வேண்டாம், பெரும்பாலும் அது வெட்டல்ல. வினாடிக்கு 25 பிரேம் ஓடும் பழைய பால் (PAL) டிவி முறை டிவிடிக்காக 24 பிரேமை 25 ஆக ஓட்டியதன் விளைவு. ஆனால் சுருதி அரை ஸ்வரத்துக்குச் சற்றே குறைவாக ஏறியிருக்கும், டி.எம்.எஸ். குரல் மெலியும், சுசீலா குரல் கீச்சென்றாகும். கணினியில் விஎல்சி பிளேயர் வைத்திருந்தால், ஆடியோ அமைப்பில், வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் டைம் ஸ்ட்ரெச்சிங்கை எடுத்துவிட்டு வேகத்தை 0.96 ஆக்குங்கள், சுருதியும் சேர்ந்து இறங்கும். யூடியூபில் வேகத்தைக் குறைத்துப் பயனில்லை, அது சுருதியை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஒலி விஷயத்தில் பழசுக்கும் புதுசுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒற்றைத் தடத்தில் ஒலி பதிவான பழைய மோனோ படத்துக்கு சரவுண்ட், மூவி, பாஸ் பூஸ்ட் எதுவும் ஆகாது, வெறும் ஸ்டாண்டர்டு. சில இணையப் பிரதிகளில் இடது ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வரும், டிவியின் அக்சஸிபிலிட்டி பகுதியில் மோனோ ஆடியோ இருந்தால் அதைப் போட்டாலே தீரும். புதுப் படத்தில் வசனம் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குள் அதைச் சுருக்கும்போது பின்னணி இசை மேலேறி வசனத்தை மூடிவிடும். ஸ்டிக்கில் ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலியை விட்டு ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள், சவுண்ட்பாரில் நைட் மோட் அல்லது டயலாக் மோடைப் போடுங்கள். அப்படியும் புரியவில்லையென்றால் மிக்ஸிங்கைத் தாராளமாகத் திட்டலாம்.

எல்லா வகைப் படத்தையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதற்கு நல்ல ஜோடி, 'அந்த நாள்' (1954), 'கைதி' (2019). இரண்டிலும் பாட்டு கிடையாது. முன்னது கொலை விசாரணை. ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். யார் சொல்லும்போது ஒளியும் கோணமும் எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும், வேகத்தை அளக்கக் கூடாது. காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தை டிவியே மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நிழல்கள் தானாகவே ஏறி இறங்கும், பாதி வித்தை பாழ். பின்னது ஒரே இரவு. லாரி வெளிச்சத்துக்கு அப்பால் சாம்பல் நிறமோ கட்டங்கட்டமான திட்டோ தெரிந்தால் ஒளிப்பதிவைக் குறை சொல்லாதீர்கள். டிவியில் கறுப்பின் அளவைக் குறிக்கும் எச்டிஎம்ஐ பிளாக் லெவல் செட்டிங் ஸ்டிக்கோடு பொருந்துகிறதா, நெட் வேகம் குறைந்து தரம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அறையில் டியூப்லைட் எரிந்தால் எந்த திரில்லரும் தேறாது.

பழைய படங்களில் மிகை நடிப்பு என்ற புகாரில் மட்டும் எனக்குப் பாதி உடன்பாடு. நாடக மேடையிலிருந்து வந்தவர்கள், கடைசி வரிசைக்கும் எட்டப் பேசிப் பழகிய தொண்டை. புராணப் படத்தில் அது பொருந்தும், குடும்பப் படத்தின் படுக்கையறைக் காட்சியில் உறுத்தத்தான் செய்யும்.

விலை குறைந்த டிவியில், கூடுதல் ஒளி வேறுபாட்டோடு எச்டிஆர் என்று வரும் புதுப் படம் இருட்டாகத் தெரிந்தால், ஸ்டிக்கின் டிஸ்ப்ளே அமைப்பில் எச்டிஆரை அணைத்து வழக்கமான எஸ்டிஆரில் பாருங்கள். அந்தப் பேனலுக்கு அவ்வளவு வெளிச்சம் தரும் தெம்பு கிடையாது.